ஒரு நொடிக்கு இருபத்தைந்து

ஒரு பெண்ணின் கை மெதுவானது என்று அவரையே நம்ப வைத்தவன் நான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் அதை நம்பினார். அது உண்மையல்ல என்று எனக்குத் தெரிந்தது சென்ற ஆண்டுதான். தெரிந்த பிறகு செய்ததை மட்டும் எழுதினால் நான் நல்லவனாகத் தெரிவேன். அதனால் முன்பு செய்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரகடத்தில், லாரிகளுக்கு வயரிங் கட்டித் தரும் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்தேன். ஒரு லாரிக்குள் ஓடும் அத்தனை வயர்களையும் ஆள் உயரப் பலகையில் விரித்து, ஊசிகளுக்கு நடுவே வளைத்து, கிளிப் மாட்டி, டேப் சுற்றி ஒரே கொத்தாகக் கட்டி எடுக்க வேண்டும். பலகையை போர்டு என்போம். போர்டில் நிற்பவர்கள் எல்லோரும் பெண்கள். ஒரு போர்டு கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று முடிவு செய்வது என் வேலை. நான் எழுதும் எண்தான் அவர்களுடைய டார்கெட்.

சென்ற ஆண்டு அதே தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய ஹார்டு டிஸ்க்குகளில் வேலை முறையைக் காட்டும் வீடியோக்கள் நிறையக் குவிந்து கிடந்தன. பெயர்களைப் பார்த்து எதுவும் புரியாது. ‘புதியது’, ‘புதியது கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்றெல்லாம் இருந்தன. அவற்றை டேப்லெட்டில் போட்டுப் பார்க்கும் புது ஏற்பாட்டுக்கு மாற்றப் போகிறார்களாம். எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு அட்டவணை வேண்டும். அந்தப் படங்களில் பாதியை எடுத்தவன் நான் என்பதால் என்னைக் கேட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒப்புக்கொண்டேன்.

வீடியோ கோப்புக்குள் படம் மட்டும் இருப்பதில்லை. அந்தப் படத்தைப் பற்றிய குறிப்புகளும் உள்ளே இருக்கும். எவ்வளவு நேரம் ஓடும், அகலமும் உயரமும் எத்தனை புள்ளி, எந்த முறையில் சுருக்கப்பட்டது, ஒலி உண்டா இல்லையா, நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை தனித்தனிப் படம், மொத்தம் எத்தனை ஃப்ரேம் என்று எல்லாம் இருக்கும். இந்தக் குறிப்புகளைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். அவற்றை எழுத்தாக வெளியே எடுத்துத் தரும் இலவச மென்பொருள் இருக்கிறது. அது தருவதை வரிசையும் பத்தியுமாக அடுக்குவதற்கு ஒரு சின்ன நிரல் எழுத வேண்டியிருந்தது. இந்த வயதில் வருமா என்று சந்தேகத்தோடுதான் தொடங்கினேன். இரண்டு வாரம் தப்பும் தவறுமாக எழுதி, ஒருநாள் காலை காபி ஆறிக்கொண்டிருக்கும்போது முதல் அட்டவணை சரியாக வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எல்லாம் நம்பரா கீது, இதுக்கா இவ்ளோ சிரிப்பு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆனால் எண்கள் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது என்று சீக்கிரமே புரிந்தது. கேமராவின் கடிகாரத்தை யாரும் சரியாக வைத்ததில்லை. தொழிற்சாலையே கட்டப்படாத காலத்தில் எடுக்கப்பட்டதாகச் சில கோப்புகள் கூறின. ஒரே படம் மூன்று பெயர்களில் இருந்தது. இரட்டைக் கோப்புகளைக் களைய ஒரு வழி தோன்றியது. அட்டவணையை மொத்த ஃப்ரேம் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினேன். ஒரே படமாக இருந்தால் ஒரே எண்ணிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அப்படித்தான் அந்த இரண்டு வரிகளும் வந்து நின்றன. இரண்டிலும் மொத்தம் 2250 ஃப்ரேம். ஆனால் ஒன்று ஓடும் நேரம் தொண்ணூறு நொடி. மற்றது எழுபத்தைந்து. நிரலில் பிழை என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். மாறவில்லை. பக்கத்துப் பத்தியைப் பார்த்தேன். முதல் கோப்பில் நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம், இரண்டாவதில் முப்பது. படம் ஒன்றுதான். இரண்டாவது வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது கோப்பின் பெயரைப் பார்த்தேன். அது நான் வைத்த பெயர். அந்த எழுபத்தைந்து நொடியும் நான் எழுதிய எண்தான்.

நடந்தது இது. எங்களிடம் இருந்த கேமரா, இயந்திரங்களோடு வெளிநாட்டிலிருந்து வந்தது. நொடிக்கு முப்பது ஃப்ரேம் எடுக்கும். அதில் படம் எடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணி, முப்பதால் வகுத்து நேரம் கண்டுபிடிப்போம். அளவிடும் மென்பொருளும் முப்பதுக்கே வைக்கப்பட்டிருந்தது. ஸ்டாப்வாட்ச்சோடு பக்கத்தில் நின்றால் பெண்கள் பதறுகிறார்கள், அதனால் வீடியோதான் நாகரிகமான முறை என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். புது லாரிக்கான லைன் தொடங்கும் சமயத்தில் அந்தக் கேமரா பழுதாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அவசரத்துக்கு சுங்குவார்சத்திரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரைக் கூட்டி வந்தேன்.

அவர் லைட்டும் ஸ்டாண்டுமாக வந்தார். போர்டில் நின்ற பெண்ணிடம், “இந்தப் பக்கம் பாத்து லைட்டா சிரிம்மா” என்றார். அவர் கொடுத்த டிஸ்க்கின் தொடக்கத்தில் ரோஜாப்பூ விரிந்தது, பின்னணியில் நாதஸ்வரம் ஒலித்தது. சிரித்துக்கொண்டே பூவை வெட்டினேன், ஒலியை மொத்தமாக எடுத்துவிட்டேன். ஒலி இருந்திருந்தால் வேகம் மாறியது காதிலேயே தெரிந்திருக்கும். நம் ஊர்க் கல்யாணக் கேமராக்கள் நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம் எடுப்பவை. அது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். அன்று நினைவுக்கு வரவில்லை. பூவை வெட்டிய கோப்பை மென்பொருளில் ஏற்றியபோது அது முப்பது என்றே சேமிக்கப்பட்டது, நானும் வழக்கம்போல் முப்பதால் வகுத்தேன்.

தொண்ணூறு நொடி வேலை எழுபத்தைந்து நொடி வேலையாயிற்று. படத்தில் அந்தப் பெண்ணின் கைகள் பறந்தன. வந்திருந்த பெரியவர்கள் கைதட்டினார்கள். அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

இதுவரைக்கும் கவனப் பிழை. யாருக்கும் நேரக்கூடியது. அதற்குப் பிறகு நடந்தது அப்படி இல்லை.

படத்தில் இருந்த பெண்ணுக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். லைனிலேயே கை வேகமானவர் என்பதால்தான் அவரைப் படம் எடுத்தோம். எண் முடிவான பிறகு அதே போர்டில் அவரை நிறுத்தினோம். அவரால் முடியவில்லை. சூப்பர்வைசர் புகார் சொன்னார். நான் ஸ்டாப்வாட்ச்சோடு போய் நின்றேன். தொண்ணூறு வந்தது. மறுநாளும் தொண்ணூறு. என் கையிலிருந்த கடிகாரம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை அந்தப் பெண்ணின் சோம்பல் என்று படித்தேன்.

அவரை என் அறைக்கு அழைத்து வீடியோவைப் போட்டுக் காட்டினேன். “இது நீதானே?” என்று கேட்டேன். அவர் திரையை உற்றுப் பார்த்தார். “நான்தான் சார்” என்றார். தன் படத்தோடு எப்படி வாதாடுவார்? அழுதார். மனசு வைத்தால் முடியும் என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன். ரத்தசோகையாக இருக்கும் என்று யாரோ சொல்ல, அவர் பரிசோதனைக்குப் போனதும் டானிக் குடித்ததும் பின்னால் காதில் விழுந்தது. பயிற்சிக்காலம் முடிந்ததும் அவரை நிரந்தரமாக்கவில்லை. அந்தத் தாளில் என் கையெழுத்தும் உண்டு.

அந்த போர்டில் வேறு யாராலும்கூட எழுபத்தைந்தில் கட்ட முடிந்ததில்லை. பெண்கள் அதற்கு ‘பனிஷ்மென்ட் போர்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்து போர்டில் நிற்பவர் இடையிடையே கை நீட்டி இரண்டு கிளிப் மாட்டிக் கொடுப்பார். அப்படித்தான் எண்ணிக்கை நிறைந்தது. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போயிருக்கிறேன். ஒருத்தி கட்டிக் காட்டிய வீடியோ இருக்கும்போது முடியாது என்று யார் சொல்ல முடியும்?

அட்டவணை வந்த பிறகு மூன்று நான்கு நாள் அந்த இரண்டு கோப்புகளையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகு, தொழிற்சாலை ஸ்டோரில் நெடுநாளாக இருக்கும் ஒரு அம்மாவிடம் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். இருவரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்களாம்.

“நல்லா கீறா சார். வல்லம் பக்கம் ஒரு சின்ன கம்பெனில செக்கிங்ல இருக்கா. கண்ணு அவ்ளோ ஷார்ப்பு. டைம்னு சொன்னா மட்டும் பின்னாடி போயிடுவா. லீடர் போஸ்ட்டுக்கு ரெண்டு வாட்டி கூப்ட்டாங்க, போவல. அதுக்கு போர்டு கட்டிக் காட்டணுமாம், வாட்ச் வச்சுகினு. என் கை ஸ்லோ, எனக்கு வேணாம்னுட்டா. அடுத்த மாசம் மறுபடியும் டெஸ்ட்டு. இந்த வாட்டியும் போவலன்னா அப்புறம் கூப்பிட மாட்டாங்க.”

அப்படியானால் நான் செய்தது இன்னும் முடியவில்லை. அந்த வாரமும் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். புது மனைகளில் கட்டிய சின்ன வீடு. சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். அவருடைய கணவர் ஷிஃப்ட் வேன் ஓட்டுபவர், வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். முகம் கொஞ்சம் இறுகியது.

“இன்னா சார், இவ்ளோ தூரம்?”

உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அது எதுவும் வாயில் வரவில்லை.

“உங்க கை ஸ்லோ இல்லம்மா. நான் தப்பா கணக்குப் போட்டுட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. கணவர் துணியோடு உள்ளே வந்து நின்றார். மடிக்கணினியைத் திறந்து இரண்டு கோப்புகளையும் அடுத்தடுத்து வைத்து, ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். இரண்டு படத்திலும் நீலக் கோட்டு போட்ட அதே பெண். ஒன்றில் அவர் டேப்பைச் சுற்றி முடித்து நிமிர்ந்துவிட்டார். மற்றதில் இன்னும் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார். கல்யாணக் கேமரா, இருபத்தைந்து, முப்பது எல்லாவற்றையும் முடிந்த அளவு எளிதாகச் சொன்னேன். எது உண்மையான வேகம் என்று அந்தப் பெண் கேட்டார். மெதுவாக ஓடுவதுதான் என்றேன். தன் கைப்பேசியில் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை போடச் சொன்னார். தொண்ணூறு வந்தது. மறுபடியும் போடச் சொன்னார்.

கணவர்தான் முதலில் பேசினார். வீட்டில் அவர் மனைவிக்கு ‘ஸ்லோ மோஷன்’ என்று பட்டப்பெயராம். சோறு போடத் தாமதமானால், கிளம்பத் தாமதமானால் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாராம். “இப்ப நான் வேற பேரு தேடணும் போலக் கீதே” என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அன்னிக்கு உங்க ரூம்ல அழுதேன். ஞாபகம் கீதா?”

“இருக்கும்மா.”

“மனசு வச்சா முடியும்னு சொன்னீங்க. வச்சேன் சார். வூட்டுக்கு வந்து கயிறும் ஊசியும் வச்சு கட்டிக் கட்டிப் பாத்தேன். என் கைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கினேன். எங்கம்மா சாவற வரைக்கும் கேட்டுகினே இருந்தாங்க, உனக்கு என்னாடி ஆச்சுன்னு.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார். எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் கேட்டது வேறு.

“அந்த போர்டுல இப்ப யாரு நிக்கிறா?”

எனக்குத் தெரியாது என்றேன். யாரோ நிற்கிறார்கள், டார்கெட் இன்னும் அதே எண்தான் என்றேன்.

“அப்ப மொதல்ல அங்க போய்ச் சொல்லுங்க சார். என் கைகிட்ட சொன்னா மட்டும் அது நம்பிடுமா? லைன்ல எல்லாருக்கும் முன்னாடி சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் நம்பறேனான்னு பாக்கலாம்.”

டெஸ்ட்டைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை. அதற்கு உரிமை இல்லை என்று பட்டது.

தொழிற்சாலையில் இப்போது என் இடத்தில் இருக்கும் அதிகாரி மரியாதையானவர். அட்டவணையை மேலும் கீழும் பார்த்தார். உடனே ஒப்புக்கொண்டார். எண்ணை மாற்றிவிடலாம், முறை மேம்பாடு என்று காரணம் எழுதினால் போதும், ஏன் பழையதைக் கிளற வேண்டும் என்றார். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். அந்த எண்ணால் வேலை போனவர்கள் இருக்கிறார்கள், காரணத்தைச் சரியாக எழுதுங்கள் என்றேன். எழுதினால் உங்கள் பெயர் வருமே சார் என்றார். வரட்டும் என்றேன். அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒரு வாரம் போயிற்று. நானே இரண்டு முறை போய் அவர் அறை வாசலில் உட்கார்ந்தேன். கடைசியில் அனுமதி வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஷிஃப்ட்டும் நின்றபடி நடக்கும் ஒரு கூட்டத்தோடு தொடங்கும். கை கால் நீட்டி உடற்பயிற்சி, பிறகு நேற்றைய குறைகள், இன்றைய எண்ணிக்கை. என் காலத்தில் அங்கே நின்று மற்றவர்களுடைய குறைகளை வாசித்திருக்கிறேன். அன்று என்னுடையதைச் சொன்னேன். நீலக் கோட்டுகளில் முக்கால்வாசிப் பேர் என்னைப் பார்த்ததே இல்லை. ‘யாரு இந்தத் தாத்தா’ என்பதுபோல் நின்றார்கள். கல்யாணக் கேமரா என்றதும் சிரிப்பு எழுந்தது. எழுபத்தைந்து இல்லை, தொண்ணூறு என்றதும் சிரிப்பு நின்றது.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினார். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.

“அப்போ நேத்து எங்களை ஏசினதெல்லாம் யாரு கணக்குல சார்?”

“என் கணக்குலதாம்மா” என்றேன்.

“சரி, ஏச்சைத் திருப்பி வாங்கிக்கிடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் குனிந்துகொண்டு சிரித்தார். அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மணி அடித்தது, அவரவர் போர்டுக்குப் போனார்கள். எண் பலகையில் எழுபத்தைந்தை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதினார்கள். பக்கத்து போர்டுப் பெண் அன்று கை நீட்ட வேண்டியிருக்கவில்லை என்று ஸ்டோர் அம்மா மாலையில் போன் செய்து சொன்னார். அவர்தான் செய்தியை வல்லம் வரை கொண்டு போயிருக்க வேண்டும்.

மீதிக் கோப்புகளுக்குத் திரும்பினேன். கல்யாணக் கேமராவில் எடுத்தவை வேறு இருக்கின்றனவா என்று, இருபத்தைந்து என்று இருக்கும் வரிகளை மட்டும் தனியாகப் பிரித்தேன். இன்னும் இரண்டு போர்டு கிடைத்தது. ஒன்று எப்போதோ கழிக்கப்பட்டுவிட்டது. இன்னொன்றின் எண் இப்போது மாறியிருக்கிறது. இரண்டிலும் வேலை செய்து விலகியவர்களைத் தேடுவது சுலபமாக இல்லை. ஊர் திரும்பியவர்கள், மறைமலை நகர்ப் பக்கம் போனவர்கள், எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாதவர்கள். இதுவரை மூன்று பேரிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் போனை வைத்துவிட்டார்.

டெஸ்ட் நாள் எனக்குத் தெரியும். நான் போகவில்லை, விசாரிக்கவும் இல்லை. மறுநாள் காலை அந்தப் பெண்ணே கூப்பிட்டார்.

வாட்ச் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டாராம். பின்னால் ஒருவர் கையில் வைத்திருந்தாராம். எனக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வையுங்கள், வீடியோ கீடியோ வேண்டாம் என்று சொன்னாராம். முதல் போர்டில் இரண்டு கிளிப் கீழே விழுந்தது, நேரம் தாண்டிவிட்டது. இரண்டாவது சரியாக முடிந்தது.

“மூணாவது போர்டுல, சார், நான் முடிச்சுட்டு நிக்கிறேன், வாட்ச் இன்னும் ஓடிகினே கீது. வேற வேலை இல்லாம அதையே பாத்துகினு நின்னேன்.”

முடிவு திங்கட்கிழமைதான் தெரியுமாம். கிடைக்கும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன்.

“கெடைக்கலன்னா அடுத்த வாட்டி போவேன்” என்றார்.

பிறகு அந்த வீடியோவை அனுப்பச் சொன்னார், மெதுவாக ஓடுவதை. மகளுக்குக் காட்ட வேண்டுமாம். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாண வீடியோக்காரர் கொடுத்த மூலக் கோப்பையே ரோஜாப்பூவும் நாதஸ்வரமுமாக, ஒரு ஃப்ரேம்கூட வெட்டாமல் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய கணவரிடமிருந்து குரல்செய்தி வந்தது. பின்னால் நாதஸ்வரம் கேட்டது, ஒரு சின்னப் பெண் சிரிப்பது கேட்டது. “சார், இன்னா இது, எங்க கல்யாணத்துக்கே இவ்ளோ கிராண்டா எடுக்கல” என்றார்.